ரேபிஸ் வைரஸ் மாறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களுக்கான தடுப்பூசி முகாம்களிலும், கால்நடை மருத்துவ மாணவர்களோடு பேசும்போதும் ஒரே ஐயம் வெவ்வேறு உருவில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது: ரேபிஸ் வைரஸ் மாறிவிட்டதா? "ஆம்" என்றாலும் தவறு, "இல்லை" என்றாலும் தவறு என்பதால் ஒவ்வொரு முறையும் பதில் நீண்டுவிடும். அந்தப் பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

ரேபிஸ் என்றால் எங்கும் ஒரே வைரஸ்தானே? அதில் வகை எங்கிருந்து வந்தது?

ஒரே இனம்தான். சென்னையில் ஒரு நாயின் மூளையிலும் கனடாவில் ஒரு நரியின் மூளையிலும் இருப்பது ரேபிஸ் வைரஸ் என்னும் அதே இனமே. துப்பாக்கிக் குண்டின் வடிவில் இருக்கும் இந்த வைரஸுக்குள் ஆர்.என்.ஏ.வால் ஆன ஒற்றை இழை இருக்கிறது. அந்த இழையை ஏறத்தாழ 12,000 எழுத்துகள் கொண்ட ஒரு சீட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் எழுதப்பட்டிருப்பவை என், பி, எம், ஜி, எல் என்ற ஐந்து மரபணுக்கள் மட்டுமே. ஜி புரதம் வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டு நரம்புச் செல்லைப் பற்றுகிறது. எல் புரதம் உள்ளே இருந்து சீட்டை நகலெடுக்கிறது. இந்த இரண்டும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

ஓர் ஊர்ப் பேச்சுக்கும் பக்கத்து மாவட்டப் பேச்சுக்கும் இடையே சிறு வேறுபாடுகள் இருப்பதுபோல, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு விலங்கினத்திலும் சுற்றிவரும் வைரஸின் சீட்டில் சில எழுத்துகள் வேறுபடுகின்றன. வகை, கால்வழி, கிளை என்றெல்லாம் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

எழுத்து ஏன் மாற வேண்டும்?

நகலெடுக்கும் எல் புரதம் தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. நம் உடலின் செல்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. ரேபிஸ் வைரஸுக்கு அது இல்லை. பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழை என்ற அளவில் தவறு நேர்கிறது. சீட்டின் நீளமே 12,000 எழுத்துதான் என்பதால், பத்து நகல் எடுத்தால் குறைந்தது ஒன்றிலாவது பிழை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பிழைகளில் பல, வைரஸையே முடக்கிவிடுகின்றன. வேறு சில கண்ணுக்கே படுவதில்லை. மூன்று எழுத்துகள் சேர்ந்து, புரதத்தின் கட்டுமானக் கல்லான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன என்பதையும், அர்ஜினைன் போன்ற ஓர் அமினோ அமிலத்துக்கு அப்படி ஆறு மூவெழுத்துகள் உண்டு என்பதையும் நினைவில் கொண்டால், மூன்றாம் எழுத்து மாறினாலும் புரதம் பல நேரங்களில் மாறாமலே இருப்பது ஏன் என்று புரியும். வெவ்வேறு ஊர்களின் வைரஸ்களை ஒப்பிடும்போது கிடைக்கும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஓசையற்ற மாற்றங்களே.

அப்படியானால் ஒரே நாயின் உடம்புக்குள் இருக்கும் வைரஸ்கள் ஒன்றுக்கொன்று வேறானவையா?

ஆம். இறந்த நாயின் மூளைத்தண்டிலிருந்து எடுத்த ஒரு துணுக்கைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, ஒளிரும் எதிர்ப்பொருளை (வைரஸைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை) சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகள் தூசிபோலச் சிதறிக் கிடக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றே. அந்தத் துணுக்கிலுள்ள வைரஸ்களின் சீட்டுகளைத் தனித்தனியாகப் படித்தால் மட்டுமே, பெரும்பான்மையான ஒரு வாசகத்தைச் சுற்றி ஓரிரு எழுத்துகள் பிசகிய பல வாசகங்கள் கூட்டமாக இருப்பது தெரியவரும். ஆய்வகம் "இந்த நாயின் வைரஸ் வரிசை" என்று தருவது அந்தக் கூட்டத்தின் பெரும்பான்மை வாசகத்தை மட்டுமே.

இந்தக் கூட்டம் எவ்வளவு நிலையானது என்று பார்க்க, ஐரோப்பிய நரியிலிருந்து எடுத்த வைரஸை எலி, நாய், பூனை ஆகியவற்றில் அடுத்தடுத்துச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குள் சில்லறை வேறுபாடுகள் வந்து போயின. ஜி மரபணுவின் பெரும்பான்மை வாசகம் அசையவில்லை. அதே வைரஸை உடலுக்கு வெளியே செல் வளர்ப்பில் ஓட்டியபோது புதிய வாசகங்கள் மேலெழுந்தன. உயிருள்ள விலங்கின் உடல் வைரஸை அதன் பழைய வடிவத்திலேயே இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள்.

இவ்வளவு பிழை செய்கிற வைரஸ் இத்தனை காலத்தில் அடையாளமே தெரியாமல் போயிருக்க வேண்டாமா?

பிழை நேர்வது ஒன்று, அது நிலைத்து அடுத்த விலங்குக்குப் போவது வேறு. நிலைத்த மாற்றங்களை மட்டும் எண்ணினால், நாய்களில் சுற்றும் வைரஸின் சீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று எழுத்துகளே மாறுகின்றன. ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இது மெதுவான நடையே.

காரணம் இந்த வைரஸின் வேலை. கடிவாய்ச் சதையில் நுழைந்து, நரம்பு முனையின் ஏற்பிகளைப் பற்றி, நரம்பு வழியே மூளைக்கு ஏறி, அங்கே நரம்புச் செல்களைக் கொன்றுவிடாமல் பெருகி, மீண்டும் நரம்பு வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கி, விலங்கு சாவதற்குள் அதைக் கடிக்கவும் வைக்க வேண்டும். ஐந்தே புரதங்கள் இத்தனையையும் செய்கின்றன. எங்கே ஒரு புரதம் மாறினாலும் இந்தப் பயணத்தில் ஏதோ ஒரு கட்டம் தடைபடும். அப்படித் தடைபட்ட வைரஸ் அந்த நாயோடு சேர்ந்தே புதைக்கப்படுகிறது.

கொரோனாவுக்கு மாதத்துக்கு ஓர் உருவம் வந்ததே, ரேபிஸுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கொரோனா வைரஸ், தொற்றி மீண்டவர்களும் தடுப்பூசி போட்டவர்களும் நிறைந்த கூட்டத்துக்குள் புகுந்து மீண்டும் மீண்டும் தொற்றிப் பரவ வேண்டியிருந்தது. எதிர்ப்பொருளுக்குப் பிடிகொடுக்காத மாற்றம் எதுவோ அதற்கே அங்கு ஆதாயம். ரேபிஸுக்கு அந்த நெருக்கடியே இல்லை. நோய் முற்றிய நாய், போதிய எதிர்ப்பாற்றல் உருவாகும் முன்பே இறந்துவிடுகிறது. மீண்டு வந்த நாய்களின் கூட்டம் என்ற ஒன்று தெருவில் இல்லை. நோயுள்ள ஒரு நாய் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு நாய்களுக்கே நோயைத் தருகிறது, அவையும் பெரும்பாலும் தடுப்பூசி போடாதவை. தப்பிக்க வேண்டிய எதிரியே வழியில் இல்லாதபோது தப்பிக்கும் திறனுக்குப் பரிசும் இல்லை.

தடுப்பூசி போட்ட நாய் எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த நாயில் வைரஸ் நரம்பைத் தொடும் முன்பே அழிக்கப்படுகிறது. பெருகினால்தானே பிழையும் பிறழ்வும்? பெருகாத வைரஸ் பாடம் கற்பதில்லை.

பாஸ்டர் காலத்து வைரஸில் செய்த ஊசி இன்றைய தெருநாயின் வைரஸுக்கு வேலை செய்யுமா?

செய்கிறது. லூயி பாஸ்டரின் குழு 1882இல் வெறிநோய் கண்ட ஒரு மாட்டிலிருந்து எடுத்த வைரஸை முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே போனது. தெருவில் இருக்கும் வைரஸ் முயலைச் சாய்க்க இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கும். மாற்ற மாற்ற அந்தக் காலம் சுருங்கி ஏறத்தாழ ஏழு நாளில் நின்றுவிட்டது. அதற்குமேல் குறையாததால் அதை "நிலைத்த வைரஸ்" என்றார்கள். 1885 ஜூலை 6 அன்று கடிபட்ட சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்ட ஊசி இந்த வழியில் வந்தது. 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் தென்னிந்தியாவுக்கான தடுப்பூசியைத் தயாரித்ததும் இதே மரபின் தொடர்ச்சியே. ஒரு விலங்கில் வலிந்து ஓட்டப்பட்ட வைரஸ் எப்படி மாறும் என்று மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் செய்து பார்த்த பரிணாமச் சோதனை அது என்பது என் எண்ணம்.

அந்தப் பழைய வைரஸுக்கும் இன்றைய தெரு வைரஸுக்கும் இடையே எழுத்து வேறுபாடுகள் நிறையவே உண்டு. ஆனால் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் ஜி புரதத்தின் முக்கிய இடங்கள் உலகின் எல்லா ரேபிஸ் கிளைகளிலும் போதிய அளவு ஒத்திருக்கின்றன. தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் ஒரே இடத்தை நம்பி நிற்காமல் பல இடங்களைப் பற்றுகின்றன.

ஊசி போட்டும் இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறதே, அது புது வகை வைரஸ்தானே?

2022இல் கேரளத்தில் அப்படிச் சில இறப்புகள் நேர்ந்தபோது இந்தக் கேள்வி நாள்தோறும் வந்தது. வைரஸின் மேல் பழி போடுவது எளிது. உண்மைக் காரணங்கள் பொதுவாகச் சப்பென்று இருக்கும். புண்ணைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவாமல் விட்டது, ஊசிக்குத் தாமதமாகப் போனது, தவணைகளை முடிக்காதது, ஆழமான கடிக்குப் புண்ணுக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தைத் தராதது அல்லது சிறு புண் ஒன்றைக் கவனிக்காமல் விட்டது ஆகியவையே திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு செறிந்த இடங்களில் கடி விழுந்தால் வைரஸ் நேராக நரம்புக்குள் போய்விடக்கூடும். ஊசி எதிர்ப்பொருளை உண்டாக்க ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. இந்த ஓட்டப் பந்தயத்தில் வைரஸ் வெல்வதற்கு மாற்றம் எதுவும் தேவையில்லை.

நம் பக்கத்து நாய்களின் வைரஸும் டெல்லி நாய்களின் வைரஸும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. உலகில் நாய்களோடு தொடர்புடைய ரேபிஸ் வைரஸ்களை ஆறு பெருங்கிளைகளாகப் பிரிக்கிறார்கள்: காஸ்மோபாலிட்டன், ஆர்க்டிக் சார்ந்தது, ஆசியக் கிளை, இந்தியத் துணைக்கண்டக் கிளை, ஆப்பிரிக்கா-2, ஆப்பிரிக்கா-3. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைப்பது இந்தியத் துணைக்கண்டக் கிளை. வட இந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது ஆர்க்டிக் சார்ந்த கிளை. டெல்லித் தெருநாயின் வைரஸுக்கு நெருங்கிய உறவுக்காரன், சென்னை நாயின் வைரஸைவிடப் பனிக்கடல் ஓரத்து ஆர்க்டிக் நரியின் வைரஸ்தான் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. காஸ்மோபாலிட்டன் கிளை ஐரோப்பியக் குடியேற்றக் காலத்தில் கப்பலேறிய நாய்களோடு பல கண்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊசியைப் பொறுத்தவரை இந்தக் கிளை வேறுபாட்டால் எந்த மாற்றமும் இல்லை. காரணம் பாஸ்டர் பற்றிய பதிலிலேயே இருக்கிறது.

எங்கள் மாட்டை வெறிநாய் கடித்து மாடு செத்துவிட்டது. இனி மாட்டுக்கு மாடு பரவுமா?

வழக்கமாகப் பரவாது. நாய் வகை வைரஸ் மாட்டையும் ஆட்டையும் மனிதரையும் கொல்லும், ஆனால் அவற்றில் தொடர்ந்து சுற்றிவராது. மாடு கடித்துப் பரப்பும் விலங்கும் அல்ல. வைரஸுக்கு மாடு ஒரு முட்டுச்சந்து. இறந்த மாட்டின் மூளையில் கிடைக்கும் வரிசை அந்த வட்டார நாய்களின் வரிசையோடு ஏறத்தாழ அப்படியே பொருந்துவது இதனால்தான். ஆனாலும் நோயுற்ற மாட்டின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. நமீபியாவில் 1970களின் இறுதியில் தொடங்கிக் குடு என்னும் பெரிய மான்போன்ற விலங்குகள் பல்லாயிரம் ரேபிஸால் இறந்தன. கூட்டமாக மேயும்போது உமிழ்நீர் பட்ட இலைகள் வழியாகவும் ஒன்றையொன்று நக்குவதாலும் குடுவிலிருந்து குடுவுக்கே பரவியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

அப்படியென்றால் நரிக்கென்று, ரக்கூனுக்கென்று தனி வகைகள் எப்படி உண்டாயின?

முட்டுச்சந்துக்குள் புகுந்த வைரஸ்களில் மிக அரிதாக ஒன்று மறுபக்கச் சுவரைத் தாண்டிவிடுகிறது. அதைக் கண்ணெதிரே காட்டியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து பிளாக்ஸ்டாஃப் நகரம். 2001இல் அங்கே ஸ்கங்கு என்னும் சிறு ஊனுண்ணிகள் வரிசையாக ரேபிஸால் இறந்தன. ஸ்கங்கு வகை வைரஸாக இருக்கும் என்று எதிர்பார்த்து வரிசையைப் படித்தால், கிடைத்தது பெரும்பழுப்பு வௌவாலின் வைரஸ். வௌவால் கடித்து ஒன்றிரண்டு ஸ்கங்குகள் சாவது புதிதல்ல. இங்கே ஸ்கங்கிலிருந்து ஸ்கங்குக்கே சங்கிலித்தொடராகப் போயிருந்தது. தடுப்பூசி கொண்டு அதை அடக்கிய பின்னும் அடுத்த ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் ஸ்கங்குகளிலும் சாம்பல் நரிகளிலும் வௌவால் வைரஸ் மீண்டும் தலைகாட்டியது. "இந்த ஓர் எழுத்து மாறியதால் தாவியது" என்று சொல்லத்தக்க பொதுவான மாற்றம் எதுவும் அந்த வைரஸ்களை ஒப்பிட்டபோது கிட்டவில்லை. தாவலுக்கு மரபணு மாற்றத்தைப் போலவே வாய்ப்பும் நெருக்கமும் காரணம் என்று தோன்றுகிறது.

நெருக்கம் என்பதை இரு பொருளிலும் கொள்ளலாம். வட அமெரிக்காவின் 23 வௌவால் இனங்களிலிருந்து எடுத்த 372 வைரஸ்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இரண்டு இனங்கள் எவ்வளவு நெருங்கிய உறவோ அவ்வளவு எளிதாக வைரஸ் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது என்று 2010இல் காட்டியது.

நம் வௌவால்களிலும் ரேபிஸ் இருக்கிறதா?

ரேபிஸ் வைரஸ் என்னும் இனம் அமெரிக்கக் கண்டங்களின் வௌவால்களில் மட்டுமே நிலைத்திருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா வௌவால்களில் இருப்பவை அதன் பங்காளிகளான வேறு லிசா வைரஸ்கள். இலங்கையில் கண்டிக்கு அருகே கன்னொருவையில் பழந்தின்னி வௌவால்களில் 2015இல் அப்படி ஒன்று கண்டறியப்பட்டு, அந்த ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. தமிழ்நாட்டு ஆலமரங்களில் தொங்குவதும் இதே வௌவால் இனம் என்பதால் அதைக் கையால் தொடாமல் இருப்பது நல்லது. மொக்கோலா போன்ற தூரத்துப் பங்காளிகள் சிலவற்றுக்கு இப்போதைய தடுப்பூசி போதிய காப்புத் தருவதில்லை. தடுப்பூசிக்கு எட்டாத வைரஸ் என்ற அச்சத்துக்கு ஏதேனும் அடிப்படை உண்டென்றால் அது இங்கேதான், தெருநாயிடம் அல்ல.

மரபணுவைப் பார்த்து எந்த நாய் கடித்தது என்று கண்டுபிடிக்கலாமா?

முடியாது. மேலே சொன்ன ஆண்டுக்கு இரண்டு மூன்று எழுத்து என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குத் தொற்ற ஏறத்தாழ ஒரு மாதம் என்றால், ஐந்து தாவலுக்கு ஒரு முறைதான் ஓர் எழுத்து மாறும். ஒரே தெருவில் இறந்த நான்கு நாய்களின் சீட்டும் எழுத்து பிசகாமல் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லலாம். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997க்கு முன் ரேபிஸ் இல்லை. மீன்பிடிப் படகில் சுலாவேசிப் பக்கத்து பூட்டன் தீவிலிருந்து வந்த நாய்களோடு நோய் வந்திறங்கியது, வைரஸின் வரிசையும் சுலாவேசி உறவையே காட்டியது. தைவான் கதை இதற்கு நேர்மாறு. 1961 முதல் ரேபிஸ் அற்ற நாடு என்று இருந்த அங்கே 2013இல் மரநாய் போன்ற ஒரு காட்டு விலங்கில் வைரஸ் கிடைத்தபோது, வெளியிலிருந்து வந்திருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். வரிசையைப் படித்தால் மற்றவற்றிலிருந்து அது பிரிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. யார் கண்ணிலும் படாமல் காட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் பாங்குய் நகரில் இதே முறையில் பார்த்தபோது, நகருக்குள் ஒரு தொடர் அறுந்துபோவதும் வெளியிலிருந்து புதிது வந்து சேர்வதும் மாறி மாறி நடப்பது தெரிந்தது. நகராட்சி எல்லைக்குள் மட்டும் ஊசி போட்டால் ஏன் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வெறிகொண்டு ஓடும் நாய், மூலையில் சுருண்டு கிடந்தே சாகும் நாய். இரண்டும் வேறு வேறு வைரஸா?

அல்ல. மூர்க்க வகைக்கும் வாத வகைக்கும் உரிய தனி மரபணு அடையாளம் எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. தாய்லாந்தில் ஒரே நாய் கடித்தவர்களில் ஒருவருக்கு மூர்க்க வகையும் இன்னொருவருக்கு வாத வகையும் வந்தது பதிவாகியிருக்கிறது. வேறுபாடு கடிபட்ட உடலின் எதிர்வினையில் இருக்கிறது. அடங்கிக் கிடக்கும் நாய்க்கு ரேபிஸ் இருக்காது என்று நினைப்பதே இதில் ஆபத்து.

நாய் ரேபிஸ் 1,500 ஆண்டுக்குள் தோன்றியது என்று படித்தேன். அதற்கு முன்பே வெறிநாய் இருந்ததே?

இருந்தது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மெசபொத்தேமிய நகரான எஷ்னுன்னாவின் சட்டம், வெறிநாய் என்று அறிவிக்கப்பட்ட பின்னும் கட்டிவைக்காமல் விட்டு அது ஒருவரைக் கடித்துக் கொன்றால் உரிமையாளர் வெள்ளியில் தண்டம் கட்ட வேண்டும் என்கிறது. 1,500 ஆண்டு என்னும் கணக்கு நோயின் பிறந்தநாளைச் சொல்வதில்லை; இன்று உயிரோடு இருக்கும் நாய்க் கிளைகளெல்லாம் சந்திக்கும் கடைசிப் பொது மூதாதையின் காலத்தைச் சொல்கிறது. அதற்கு முன் கிளைத்தவை வாரிசின்றி அழிந்திருக்கலாம். கணக்கிலும் ஒரு சாய்வு உண்டு: நீக்கப்படவிருக்கும் பிழைகளும் அண்மைக் கால ஒப்பீட்டில் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதால் வேகம் அதிகமாகத் தெரிந்து, பழைய காலங்கள் உண்மையைவிட அண்மையாகத் தோன்றும்.

ஒரே ஓர் இடம் மாறினால் வைரஸ் சாதுவாகிவிடும் என்கிறார்களே?

ஜி புரதத்தின் 333ஆம் இடத்தில் இருக்கும் அர்ஜினைனைப் பற்றிய செய்தி அது. அந்த இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்தால், ஆய்வக வைரஸ்கள் வளர்ந்த எலியைக் கொல்லும் திறனை இழப்பது 1980களில் தெரியவந்தது. நரிகளுக்கு இரையில் வைத்துத் தரும் வாய்வழித் தடுப்பூசிகளில் சில இந்த அறிவைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. சுவிட்சர்லாந்தில் 1978இல் கோழித்தலைக்குள் வைத்துத் தொடங்கிய இரைத் தடுப்பூசி முறை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நரி ரேபிஸை ஒழித்தது. உயிருள்ள வைரஸ் என்பதால், மாற்றிய எழுத்து பிழையால் பழையபடி திரும்பிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அதனால் பின்னால் வந்த ஒரு தடுப்பூசி வைரஸில், அர்ஜினைனுக்குத் திரும்ப ஒரு பிழை போதாது, ஒரே மூவெழுத்தில் இரண்டு பிழைகள் சேர்ந்து நேர வேண்டும் என்னும்படி இரண்டு எழுத்துகளை மாற்றினார்கள். வைரஸின் பிழை விகிதத்தையே பாதுகாப்புக் கணக்காக்கிய வேலை அது.

இம்யூனோகுளோபுலினுக்குப் பதில் ஒற்றை எதிர்ப்பொருள் மருந்து வந்திருக்கிறதே, அதிலிருந்து வைரஸ் தப்பிக்காதா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். குதிரையிலிருந்தோ மனிதரிடமிருந்தோ எடுக்கும் இம்யூனோகுளோபுலினில் பல இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். 2016இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட மருந்து ஜி புரதத்தில் ஒரே இடத்தைப் பற்றும் ஒரே எதிர்ப்பொருள். ஆய்வகத்தில் இப்படிப்பட்ட ஒற்றை எதிர்ப்பொருளோடு வைரஸை வளர்த்தால், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய வைரஸ் தப்பி வருவது நெடுநாளாகத் தெரிந்ததே. நாயின் உடலுக்குள் இருக்கும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மருந்து தனியாகத் தரப்படுவதில்லை. புண்ணில் செலுத்தும் அதே நாளில் தடுப்பூசியும் தொடங்குகிறது. ஓரிரு வாரத்தில் உடலே பல இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களைத் தயாரித்துவிடும். கடிபட்ட மனிதரிடமிருந்து வைரஸ் வழக்கமாக அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை என்பதால், ஒருவரில் தப்பிய மாற்றம் ஊருக்குள் கிளையாக வளர வழியில்லை. எஞ்சும் கேள்வி, குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தின் வைரஸில் அந்த இடம் இயல்பாகவே வேறாக இருந்தால் என்ன செய்வது என்பது. இரு வேறு இடங்களைப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்களைக் கலந்த மருந்து 2019இல் இந்தியாவில் அனுமதி பெற்றது அந்தக் கவலைக்கான விடை. நாய்களின் மூளை மாதிரிகளை "ரேபிஸ் உண்டு" என்று எழுதியதோடு மூடிவைக்காமல், ஜி மரபணுவையும் வட்டாரம்தோறும் படித்துப் பார்க்க வேண்டியதும் இதனால்தான்.